550: அப்படி ஒருவர் இங்கில்லை

லியெபாயா துறைமுகம். பிப்ரவரி. சனிக்கிழமை, மூன்றாம் சாமம்.
தொலைபேசியில் விஸ்மா:
"நான் யாருக்கும் எழுதவே இல்லை.
நாலாயிரம் பேர் என்னை வேண்டாம் என்கிறார்கள்."

சரக்குப் பிரிவின் தலைவி.
முப்பது கப்பல்களை ஒரே நாளில் அதட்டுகிறவள்.
குரலில் அழுகை இல்லை, ஆனால் பக்கத்தில் இருந்தது.

பதிவேட்டைத் திறக்கிறேன்.
கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து
மழை மாதிரி, மேலிருந்து கீழே.
550, பெறுநர் இல்லை.
550, பெறுநர் இல்லை.
554, உங்கள் ஊரிலிருந்து எதையும் வாங்குவதில்லை.
421, அப்புறம் வா.
உலகம் முழுக்கக் கதவுகள்,
ஒவ்வொன்றும் தன் பாணியில் சாத்துகிறது.

ஒரு வரியைப் பிடிக்கிறேன்.
அதற்கொரு எண் உண்டு, பத்து எழுத்து.
அந்த எண்ணை நூலாகப் பிடித்து
பின்னால் பின்னால் நடந்தால்
கடிதம் உள்ளே நுழைந்த வாசல் வரும்.
அனுப்புநர்: விஸ்மா.
வந்த இடம்: பெயரில்லாத ஏதோ ஒரு கணினி, எங்கோ.
உள்ளே விட்ட சாவி: ஸ்கேனர்-3.

மூன்றாம் மாடி ஸ்கேனர்!
காகிதம் சிக்கினால் முனகுமே, அதுதான்.
அதற்கென ஒரு கணக்கு. கடவுச்சொல் 1234.
வைத்தவன் நான்.
பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

சாவியை மாற்றினேன். மழை நின்றது.
ஆனால் வரிசையில் இன்னும் பதினோராயிரத்துச் சொச்சம்
குளிரில் நின்றுகொண்டிருந்தது,
அரை மணிக்கொருமுறை யார் வீட்டுக் கதவையோ தட்டிக்கொண்டு.
எல்லாவற்றையும் அழிக்க ஒரே கட்டளை போதும்.
விரல் அதன் மேல்தான் இருந்தது.

பழக்கதோஷம், ஒருமுறை சலித்துப் பார்த்தேன்.
விஸ்மா பெயரில் வராதது எத்தனை?
ஒன்று.

அனுப்புநர்: சர்மீதே, சுங்கக் கணக்கு.
பெறுநர்: ஒரு கப்பலின் பெயரில் உள்ள முகவரி.
நேரம்: வியாழன், மாலை 17:02.
நிலை: எதிர்முனை பேசவில்லை, காத்திருக்கிறது.
அளவு: 1,412 பைட்.

பதிவேடு கடிதத்தைப் பிரிக்காது.
யார், யாருக்கு, எப்போது, எவ்வளவு கனம்.
அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.
அவ்வளவும் தெரியும்.

பழைய பதிவுகளைத் தேடியிருக்கக் கூடாது.
தேடினேன்.
போன வியாழன், 17:02. 1,960 பைட்.
அதற்கு முந்தைய வியாழன், 17:02. 2,300.
நவம்பரில் ஆறாயிரம்.
ஒவ்வொன்றும் ஐந்து நாள் கதவைத் தட்டி
செவ்வாய் மாலை
அவளிடமே திரும்பிப் போயிருக்கிறது.
பதினான்கு செவ்வாய்.
திங்கட்கிழமைகளில் அவள் கொண்டுவரும் சீரகரொட்டியை
நானும் தின்றிருக்கிறேன்.

அந்தக் கப்பல் இப்போது எங்கே என்று
துறைமுகக் கணினியில் இரண்டு சொடுக்கில் தெரிந்துவிடும்.
சொடுக்கவில்லை. ஒரு திருட்டு போதும்.

கட்டளையைக் கொஞ்சம் நீளமாக எழுதினேன்,
விஸ்மா பெயரில் கிளம்பியது மட்டும் போகும்படி.
நான்கு வினாடி.
வரிசையில் மீதி: 1.

"ஸ்கேனர்தான்" என்றேன் விஸ்மாவிடம்.
"அதற்கு இவ்வளவு நண்பர்களா?" என்றாள்,
சிரித்தாளா, இருமினாளா, வைத்துவிட்டாள்.

செவ்வாய் 17:02.
காலாவதி. அனுப்புநரிடம் திருப்பப்பட்டது.
ஐந்து நாளை ஐம்பதாக மாற்ற ஓர் எண் போதும்.
அந்த எண்ணுக்குப் பக்கத்தில் கர்சரை வைத்து
காபி ஆறும் வரை உட்கார்ந்திருந்தேன்.
பிறகு கோப்பை மூடினேன், சேமிக்காமல்.

வியாழன்.
வேறு வேலை இருப்பதாக எனக்கே சொல்லிக்கொண்டு
திரையை ஓடவிட்டிருந்தேன்.
17:02 போனது. 17:03.
மூன்றாம் மாடியிலிருந்து ஒரு புகார்,
ஸ்கேனர் எதையும் அனுப்ப மறுக்கிறதாம்.
17:20.
17:41க்கு அவள் பெயர்.
அதே கப்பல்.
அளவு: 9,870.